வெளிநாட்டில் படித்தவன்

"இவர் வெளிநாட்டில் படித்தவர்" என்று எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்துவது வழக்கம். கேட்பவரின் கண்களில் லண்டனும் மொஸ்கோவும் ஒரு கணம் வந்து போகும். "எந்த நாடு சேர்?" என்பார். "மெட்ராஸ்" என்பேன். அவருடைய முகம் சற்றே வாடிவிடும். கட்டுநாயக்காவில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இறங்கிவிடலாம். இறங்கினால் காதில் விழுவதும் தமிழ்தான். இதெல்லாம் ஒரு வெளிநாடா என்று அவர் நினைப்பது எனக்கு விளங்கும்.

ஆனால், கடவுச்சீட்டு, விசா, வெளிநாட்டவர் பதிவு என்று வெளிநாட்டுக்குரிய சகல மரியாதைகளும் எனக்கு அங்கே கிடைத்தன. அவற்றோடு சேர்த்து வேறெந்த வெளிநாட்டிலும் கிடைக்க முடியாத சில அனுபவங்களும் கிடைத்தன. அவற்றை எழுதுங்கள் என்று நண்பர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகின்றனர். பெரும்பாலானவை சிரிப்புக்குரியவை. ஒன்றிரண்டு அப்படியல்ல.

எனது ஊர் நோட்டன் பிரிட்ஜ். நுவரெலியா மாவட்டத்தில் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய ஓர் அணை, சிறிய கடைவீதி, சுற்றிலும் தேயிலை மலைகள். அவ்வளவுதான் ஊர். ஆனால் இலங்கையின் மின்சார வரலாற்றை எங்கள் ஊரை விட்டுவிட்டு எழுத முடியாது. இந்த மலைகளில் விழும் நீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம் என்று 1918 இல் ஆய்வுக் கட்டுரை வாசித்தவர் பொறியியலாளர் டி.ஜே.விமலசுரேந்திர. 1950 இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965 இல் நோட்டனில் அவருடைய பெயரிலேயே ஒரு மின்நிலையம் வந்தது. எங்கள் லயத்துக் கூரைக்கு மேலாகத்தான் மின்கம்பிகள் கொழும்புக்குப் போயின. கூரைக்குக் கீழே நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது மண்ணெண்ணெய்க் குப்பிலாம்பில்.

1992 ஆம் ஆண்டு இந்திய அரசின் புலமைப்பரிசில் ஒன்று எனக்குக் கிடைத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் வரலாறு படிக்க வேண்டும். தோட்டமே மகிழ்ந்தது. எங்கள் அப்பாயி மாத்திரம் அழத் தொடங்கிவிட்டார். காரணம் பிரிவுத்துயர் அல்ல, விமானம்.

நோட்டன்காரர்களுக்கு விமானம் என்றால் நினைவுக்கு வருவது ஏழு கன்னியர் மலைதான். 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பில் தரையிறங்க வந்த மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டி.சி. 8 விமானம் அந்த மலையில் மோதியது. 182 பயணிகள், 9 பணியாளர்கள் என 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானத்தின் சக்கரம் ஒன்று எங்கள் ஊரில் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. அப்போது எனக்கு மூன்று வயது. அந்த இரவைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பாயியைப் பொறுத்தவரை விமானம் என்பது பறக்கும் பொருளல்ல, விழும் பொருள்.

"கப்பல்ல போகக்கூடாதா சாமி?" என்று கேட்டார். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் போன கப்பல் 1984 இலேயே நின்றுவிட்டது என்று சொன்னேன். அதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை. கடைசியில் பழைய மாவு டின் ஒன்றில் அரைக் கிலோ தேயிலைத் தூளை அடைத்து, வாயைத் துணியால் கட்டி என் கையில் கொடுத்தார்.

"கோத்தகிரில சின்ன அப்பாயி இருக்கா. கொண்டுபோய்க் குடு."

கோத்தகிரி நீலகிரி மலையில் இருக்கிறது. அங்கே மலை முழுவதும் தேயிலை. கொல்லன் தெருவுக்கு ஊசி விற்கப் போவதுபோல, தேயிலை மலைக்குத் தேயிலை கொண்டுபோகும் பொறுப்போடு எனது வெளிநாட்டுப் படிப்பு ஆரம்பமானது.

சென்னையில் இறங்கியதும் செய்ய வேண்டிய முதற் காரியம் வெளிநாட்டவராகப் பதிவு செய்துகொள்வது. ராஜீவ் காந்தி 1991 மே 21 ஆம் திகதி கொல்லப்பட்டு ஓராண்டு கடந்திருந்த காலம். இலங்கை என்ற சொல்லைக் கேட்டாலே நிமிர்ந்து பார்த்தார்கள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் எனது பத்திரங்களைக் கொடுத்துவிட்டு நின்றேன். எழுதுவினைஞர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து கொண்டார்.

"பிறந்த இடம் நோட்டன் பிரிட்ஜ். இது இங்கிலாந்துலயா இருக்கு?"

"இல்லைங்க, இலங்கை."

"பேரப் பாத்தா வெள்ளைக்காரன் ஊர் மாதிரி இருக்கே."

"வெள்ளைக்காரன் வச்ச பேருதாங்க."

(அவருடைய சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் இதே பெயரில் ஓர் ஊர் இருப்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன்.)

அடுத்து அவர் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைப் புரட்டினார். எங்கள் நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் தகப்பனாரின் இனம் என்று ஒரு கூடு உண்டு. அதில் "இந்தியத் தமிழர்" என்றிருந்தது. இரண்டு முறை வாசித்தார். பிறகு அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டார்.

"சார், கொஞ்சம் இங்க வாங்க. இந்தியத் தமிழராம். வெளிநாட்டவர் பதிவுக்கு வந்திருக்கார்."

மூன்று மேசைகள் ஒன்றுகூடின. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து இலங்கையில் எங்களைத் தனியாக இந்தியத் தமிழர் என்று பதிந்து வருகிறார்கள் என்பதை நான் விளக்க முயன்றேன். "அப்ப நீங்க இந்தியரா?" என்றார் ஒருவர். இல்லை என்றேன். "அப்ப உங்க அரசாங்கம் ஏன் இந்தியர்னு எழுதுது?" என்றார் மற்றவர். வரலாறு படிக்க வந்தவனுக்கு முதல்நாளே வரலாற்று வினாத்தாள்! இறுதியில் உயரதிகாரி ஒருவர் வந்து, "பாஸ்போர்ட் என்ன சொல்லுதோ அதுதான்" என்று தீர்ப்பளித்தார். முத்திரை விழுந்தது. நோட்டனில் இந்தியத் தமிழனாகப் பிறந்தவன் இந்தியாவில் முறைப்படி வெளிநாட்டவன் ஆனேன்.

தங்குமிடம் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். ஓர் அறையில் நான்கு பேர். ஒருவர் தஞ்சாவூர், ஒருவர் வேலூர், ஒருவர் திருநெல்வேலி. மலையகத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழைப்போல் தமிழ்நாட்டுக் காதுக்கு அந்நியமானதல்ல. திருச்சி, சேலம் பக்கத்துப் பேச்சு அதில் அப்படியே இருக்கிறது. எனவே மொழியால் தொல்லை வராது என்று நம்பிப் போனேன். ஆனால் நூறாண்டுக்கு மேலாக இலங்கையில் நாங்கள் சேர்த்துக்கொண்ட சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே எட்டிப் பார்த்தன.

முதல்நாள் காலை கடைக்குப் போய் "ஒரு இறாத்தல் பாண் குடுங்க" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூலையிலிருந்த வெற்றிலைக் கடையைக் காட்டினார். பாண் என்றால் எங்களுக்கு ரொட்டி, அவருக்குப் பீடா. அதையும் இறாத்தல் கணக்கில் கேட்கும் இளைஞனைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பாரோ! அடுத்த வாரம் "சப்பாத்து எங்க வாங்கலாம்?" என்று தஞ்சாவூர்க்காரரைக் கேட்டேன். அக்கறையோடு ஒரு வடநாட்டுச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போய் குருமாவோடு இரண்டு வாங்கிக் கொடுத்தார். காலில் போடுவதைக் கேட்டவனுக்கு இலையில் போட்டார்கள். பசியோடு இருந்தபடியால் நான் மறுக்கவில்லை.

ஓரிரவு பிந்தி வந்ததற்காக மேன்ஷன் மேலாளர் என்னைக் கடிந்துகொண்டார். "மெனேஜர் ஏசிட்டாரு" என்று அறையில் வந்து முறையிட்டேன். "ஏசியா? நம்ம மேன்ஷன்லயா? எந்த ரூம்ல போட்டாங்க?" என்று வேலூர்க்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர் மட்டும் விளங்கிக்கொண்டு சிரித்தார். அவருடைய ஊரிலும் ஏசுவார்களாம். அன்றுமுதல் அவர்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர்.

எல்லாவற்றையும்விடச் சிரமமாக இருந்தது, "உங்க ஊர் எது?" என்ற கேள்விதான். இலங்கை என்றதும், "யாழ்ப்பாணமா?" என்பார்கள். இல்லை என்றால் "கொழும்பா?" என்பார்கள். அதுவுமில்லை என்றால் அவர்களுடைய இலங்கை முடிந்துவிடும். தேயிலைத் தோட்டம், மலையகம், வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து போனவர்கள் என்று பத்து நிமிடம் விளக்க வேண்டும். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப யாழ்ப்பாணத்துக்குப் பக்கமா?" என்பார்கள்.

இதற்கு ஒரு குறுக்கு வழியை ஓர் ஓட்டோ ஓட்டுநர்தான் காட்டித் தந்தார். அவருடைய வண்டியின் உள்ளே எம்.ஜி.ஆர். படம். எங்கள் கல்லூரி மெரினாவைப் பார்த்தபடி இருக்கிறது. அதே கடற்கரையில் எம்.ஜி.ஆர். சமாதி. கைக்கடிகாரம் உள்ளே இன்னும் துடிக்கிறது என்று நம்பிச் சனங்கள் அதில் காதை வைத்துக் கேட்ட காலம். "எம்.ஜி.ஆர். பிறந்த நாவலப்பிட்டி எங்க ஊருக்குப் பக்கம்தாங்க. கினிகத்தேனையில இருந்து மலை இறங்கினா வந்துரும்" என்றேன் பேச்சுவாக்கில். வண்டி சட்டென்று ஓரமாக நின்றது. தலைவர் பிறந்த ஊரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேனா என்று கேட்டார். பஸ்ஸில் பலமுறை போயிருக்கிறேன் என்றேன். அன்றைக்கு அவர் மீற்றருக்கு மேலே ஒரு சதமும் வாங்கவில்லை. சென்னை ஓட்டோவில் பயணம் செய்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்பது விளங்கும்.

பின்னர் முத்தையா முரளிதரன் வந்தார். என் வேலை இன்னும் இலகுவானது. அவருடைய பாட்டனார் 1920 இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். "முரளிதரன் மாதிரி" என்று இரண்டே சொற்களில் எனது பரம்பரை வரலாறு முடிந்தது.

முரளிதரனால் ஒரு சங்கடமும் வந்தது. 1996 மார்ச் 13 ஆம் திகதி, உலகக் கிண்ண அரையிறுதி, கல்கத்தாவில் இந்தியாவும் இலங்கையும். நான் அப்போது முதுகலை மாணவன். மேன்ஷனில் இருந்த ஒரே தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்பது பேர். ஊரில் இருக்கும்போது இந்தியா வென்றால் சிங்கள நண்பர்கள், "உங்கட ஆக்கள் வென்றிட்டாங்களே" என்று என்னைச் சீண்டுவது வழக்கம். இங்கே இலங்கை விக்கெட் எடுத்தபோதெல்லாம் நாற்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு விக்கெட்டுக்கு 98 ஓட்டங்களில் இருந்த இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 120 ஆனபோது, நான் மூச்சு விடுவதற்கே யோசித்தேன். அரங்கில் போத்தல்கள் பறந்தன. ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கை வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஒருவரும் பேசவில்லை. பிறகு திருநெல்வேலிக்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார். "சரி விடுங்க, பந்து போட்டது நம்ம பையன்தானே" என்றார். அந்த "நம்ம" எந்த நம்ம என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

இனி, அந்தத் தேயிலை டின்.

முதலாண்டுப் பொங்கல் விடுமுறைக்கு, 1993 ஜனவரியில், இரவு ரயிலில் மேட்டுப்பாளையம் போய் அங்கிருந்து பஸ்ஸில் கோத்தகிரி ஏறினேன். வளைவுகளும் பனியும் தேயிலை வாசமும் ஹட்டன் பாதையில் போவது போலவே இருந்தன. சின்ன அப்பாயியின் குடும்பம் 1973 இல் புறப்பட்டது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, நாடற்றவர்களாகக் கிடந்த 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று முடிவானது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் போட்ட முடிச்சை இப்படித்தான் அவிழ்த்தார்கள். எங்கள் வீட்டில் அக்கா இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம். ஹட்டனிலிருந்து அவர்கள் ஏறிய ரயிலுக்கு எங்கள் வீட்டில் அழுகைக் கோச்சி என்றுதான் பெயர்.

போனவர்களில் பலருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அதுவே பின்னர் டான்டீ நிறுவனமானது. கோத்தகிரி பஸ் நிலையத்தில் ஒரு பெண்மணியிடம், "டான்டீ லயத்துக்கு எப்பிடிப் போறது?" என்று கேட்டேன். அவர் வழி சொல்லவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தம்பி, எந்தத் தோட்டம்?" என்றார்.

ஐந்து மாதங்களாக இந்தியாவில் எத்தனையோ பேர் எனது ஊரைக் கேட்டிருந்தார்கள். சரியான கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான். மலையகத்தில் ஊர் கேட்பதில்லை, தோட்டம்தான் கேட்பார்கள். நோட்டன் என்றதும், அவர் பொகவந்தலாவை என்றார். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டே போனார்.

அங்கே நான் பத்து நிமிடம் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இஸ்தோப்பு, காம்பரா, பிரட்டுக்களம், சாயத்தண்ணி, சப்பாத்து, பாண் எல்லாம் அங்கே இருந்தன. சென்னையில் நான் தொலைத்த சொற்கள் அத்தனையும் நீலகிரியில் பத்திரமாக இருந்தன. சுற்றுவட்டாரத்தில் அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். டின்னைப் பார்த்ததும் சின்ன அப்பாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அக்காவுக்குப் புத்தி மழுங்கிருச்சா? இந்த மலையில இல்லாத தேயிலையா?"

சிரித்தபடியே அடுப்பை மூட்டினார். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஆளனுப்பினார். நோட்டன் தேயிலை என்று கேள்விப்பட்டு இருபது பேராவது வந்திருப்பார்கள். ஆளுக்கு அரைக் கோப்பை. பிறகு ஒரு பெரிய விவாதம் நடந்தது. நோட்டன் தூள்தான் கடுப்பு என்றனர் முதியவர்கள். கோத்தகிரித் தூள்தான் மணம் என்றனர் அங்கேயே பிறந்த பிள்ளைகள். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாத்தா, தூளில் ஒன்றுமில்லை, அங்கத்தித் தண்ணிதான் விசேஷம் என்று அடித்துச் சொன்னார். முடிவு எட்டப்படவில்லை.

சனம் கலைந்த பிறகு, "லயத்துக்குக் கரண்டு வந்துருச்சா?" என்று கேட்டார் சின்ன அப்பாயி. இன்னும் இல்லை என்றேன். தலைக்கு மேலே எரிந்த மின்விளக்கை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஒம் பாஸ்போட்டக் காட்டு" என்றார்.

அவரிடமும் ஒன்று இருந்தது. பொலித்தீன் பையில் சுற்றி, குடும்ப அட்டையோடு டிரங்குப் பெட்டியின் அடியில். கண்டியிலிருந்த இந்திய அலுவலகம் கொடுத்த இந்தியக் கடவுச்சீட்டு. ஒரேயொரு பயணத்துக்குப் பயன்பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒன்றில் இந்தியர், மற்றதில் இலங்கையர். பிறந்த இடம் இரண்டிலும் நோட்டன் பிரிட்ஜ்.

அவரைப் போன்றவர்களை அரசாங்கப் பத்திரங்கள் "தாயகம் திரும்பியோர்" என்று குறிப்பிடுகின்றன. சின்ன அப்பாயி நோட்டன் லயத்தில் பிறந்தவர். முப்பத்தெட்டு வயதில் இராமேஸ்வரத்தில் இறங்கும்வரை இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. போயிராத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்? கல்லூரியில் ஐந்தாண்டு வரலாறு படித்தேன். இந்தக் கேள்வியை எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

புறப்படும்போது அதே டின்னில் கோத்தகிரித் தேயிலையை நிரப்பி, "அக்காகிட்டக் குடு" என்றார். அதை வைத்திருந்து முதலாண்டு விடுமுறைக்கு வரும்போது எடுத்து வந்தேன். கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரி ஒருவர் டின்னைத் திறந்து முகர்ந்தார். "இந்தியாவிலிருந்து சேலை கொண்டுவருவார்கள், நகை கொண்டுவருவார்கள். இலங்கைக்குத் தேயிலை கொண்டுவரும் முதல் ஆளை இன்றுதான் பார்க்கிறேன்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு விட்டார். அப்பாயி ஊற்றிக் குடித்துப் பார்த்து, "சுமாராத்தான் இருக்கு" என்றார். ஆனால் வேறு யாருக்கும் அதில் ஒரு கரண்டி கொடுக்கவில்லை.

அக்காவும் தங்கையும் அதன் பிறகு சந்திக்கவில்லை. இருவரும் இன்று இல்லை. எங்கள் லயத்துக்கு மின்சாரம் வந்ததை அப்பாயி பார்த்தார். அதைக் கடிதத்தில் எழுதச் சொன்னார், எழுதினேன். நாடற்றவர் என்ற நிலைக்கு முடிவு கட்டிய சட்டம் 2003 இல் நிறைவேறியது. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் மக்கள் நடந்தார்கள், முன்னோர் வந்து இருநூறாண்டு ஆனதை நினைவுகூர்ந்து. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விடப்பட்டது. அப்பாயி கேட்ட கப்பல், முப்பத்தொரு வருடம் பிந்தி, வேறொரு துறைமுகத்துக்கு வந்தது.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வெளிநாடு போகிறார்கள். போகுமுன் சிலர் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. குளிருக்கு உடுப்பு, பத்திரங்களுக்கு நகல், இதையெல்லாம் முகவர்களே சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். வழியில் கோத்தகிரியோ கூடலூரோ வந்தால் ஒருநாள் இறங்குங்கள். கையில் கொஞ்சம் தேயிலை கொண்டு போங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.